பெயர் வேண்டாம், நன்றி போதும்

"டிராம் ஃபைலை வெள்ளிக்கிழமையோட மூடிடலாம். பணம் பத்தாது" என்று நகராட்சி மேலதிகாரி சொன்னபோது, குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்தது மனைவியின் முழங்கால்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் பஸ் படியில் ஏற முடியவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. படியே இல்லாத டிராம் வரப்போகிறது என்று மனிதர் அவளுக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார்.

"சார், ஒரு ஸ்டாப்புக்கு ஆகிற செலவை யார் கொடுக்கிறாங்களோ, அவங்க பேரையே அதுக்கு வச்சிடலாமே?"

"செஞ்சு பாருங்க. ஆனா சீல் குத்தி வாங்கின விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது. அது விதி."

அன்றே படிவம் அச்சானது. மரியாதையாக இருக்கட்டுமே என்று குமாஸ்தா கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இடத்தைத் தாங்களே வரைபடத்தில் குறிக்கவும்.' வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பல் டாக்டர் தன் வாசலைக் குறித்தார்.

"அவர் வாசல்ல நிக்கிற வண்டி என் வாசல்ல நிக்காதா?" என்று எதிர்க்கடைத் தையல்காரர் தன் வாசலைக் குறித்தார். அண்ணனான பல் டாக்டரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, இரண்டு வீடு தள்ளி இன்னொன்று குறித்தார். எல்லாவற்றுக்கும் சீல் குத்திய குமாஸ்தா, ஒவ்வொருவர் கையையும் பிடித்து, கண் கலங்க நன்றி சொன்னார்.

மூன்றே நாளில், திட்டத்தில் இருந்த ஒன்பது ஸ்டாப் இருபத்துமூன்றானது. இன்ஜினியர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நீங்க படிவத்துல போட்டது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின விலைங்க! ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நம்ம கைக்காசு பாதி போகுது!"

விற்க விற்கப் பள்ளம் பெரிதாகிக்கொண்டிருந்தது. குமாஸ்தா தலையைச் சொறிந்தார்.

"அப்போ ஸ்டாப்புக்குக் கூரை வேணாம் சார். ஒரு கம்பம் போதும். கூரைக்குப் பதிலா நன்றி சொல்லிடலாம். வண்டி நின்னதும் கொடுத்தவங்களைப் பத்தி ஒலிபெருக்கியில நாலு வரி."

செலவு குறைந்தது; இனி விற்கிற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் பல் டாக்டர் தன்னைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

"இதை வாசிச்சு முடிக்கிற வரைக்கும் வண்டி நிக்கணுமா?" என்றார் இன்ஜினியர்.

"நன்றியைப் பாதியில நிறுத்தினா நல்லாவா சார் இருக்கும்?"

வியாழக்கிழமை மாலை, இன்னும் பதினான்கு ஸ்டாப் விற்றால்தான் கணக்கு நேராகும் என்ற நிலை. குமாஸ்தா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே பதினான்கு படிவங்கள், முழுத் தொகை, ஒரு துண்டுச் சீட்டு: 'பெயர் வேண்டாம். நன்றியை மட்டும் நிதானமாக வாசிக்கவும்.'

அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே!

வெள்ளிக்கிழமை மன்றத்தில் திட்டம் நிறைவேறியது. "மூணு கிலோமீட்டருக்கு முப்பத்தேழு ஸ்டாப்" என்று இன்ஜினியர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். குமாஸ்தா வீட்டுக்கு போன் போட்டார்.

"என்னங்க, நம்ம வாசல்ல நிக்குமா?"

"நம்ம வாசல்லயும் நிக்கும், பக்கத்து வீட்டு வாசல்லயும் நிக்கும். ரொம்ப மெதுவாத்தான் போகும்."

"போகட்டுமே. எனக்கும் ஏறி இறங்க நேரம் வேணாமா? அக்காகிட்ட சொல்லிடட்டுமா?"

"இப்பவே சொல்லிடு" என்று போனை வைத்தார்.

வெளியே நல்ல மழை. அலுவலக வாசல் ஸ்டாண்டிலிருந்து டாக்ஸிக்காரர் கூப்பிட்டார். ஆபரேஷன் அன்று மனைவியைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றியவர் அவர். டிராம் வந்தால் இவர் பிழைப்பு என்ன ஆகும் என்று ஒரு வாரமாக அவர் முகத்தையே பார்க்காமல் போய்க்கொண்டிருந்த குமாஸ்தா, கூச்சத்தோடு ஏறிக்கொண்டார்.

வீட்டு வாசலில் பணத்தை நீட்டினால் டாக்ஸிக்காரர் கையைத் தள்ளிவிட்டார்.

"உங்ககிட்ட வாங்கினா அடுக்குமா சார்? எங்க ஸ்டாண்டே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு."

"என்னப்பா சொல்ற? உங்க பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேன்னு நானே தவிச்சுக்கிட்டிருக்கேன்."

டாக்ஸிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அந்தப் பதினாலு ஸ்டாப்பையும் வாங்கினதே நாங்கதான் சார். இனிமே அவசரமாப் போறவங்க யாரு டிராம்ல ஏறுவாங்க?"