பதினேழாவது டப்பா

பேராசிரியரே, பதினேழாவது டப்பாவை மறைத்தது நீங்கள்தான். பழியைத் தூக்கி, மண் எடுத்துக் கொடுத்த மனுஷன் மேல் போட்டதும் நீங்கள்தான். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மண்ணைத் தொட்ட உடனே அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஈரம் என்று சொல்லக்கூடிய விரல் இந்த உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. அது எங்கள் புதுச்சேரி டப்பாக்காரரின் வலது ஆள்காட்டி விரல்.

எனக்கு ரெட்டியார்பாளையத்தில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் செய்வேன். வருஷத்துக்கு ஒருமுறை, ரேடியோ அலையை வைத்து வானத்திலிருந்து பூமியை ஆராய்கிறவர்கள் இங்கே கூட்டம் போடுவார்கள். அதற்கும் நான்தான் மைக். இரண்டு நாளும் அலையைப் பற்றியே பேசுவார்கள். கம்பியில்லாத மைக் ஒருமுறை கரகரத்தால் போதும், அத்தனை டாக்டர் பட்டமும் திரும்பி என்னைத்தான் பார்க்கும்.

அங்கேதான் டப்பாக்காரரைப் பார்த்தேன். முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி. அவர் வேலை இதுதான்: செயற்கைக்கோள் கீழே அனுப்பும் அலை மண்ணில் பட்டுத் திரும்பும். அதை வைத்து மண்ணின் ஈரத்தைக் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரியா என்று பார்க்க, அதே நேரத்தில் கீழே ஒரு ஆள் மண் எடுக்க வேண்டும். அலுமினிய டப்பாவில் அடைத்து எடை போட்டு, ஓவனில் காயவைத்து மறுபடி எடை போட்டால் உண்மை தெரிந்துவிடும். அந்த ஒரு ஆள் இவர்.

செயற்கைக்கோளை 'அது' என்று சொல்லவே மாட்டார். 'அவரு'தான். அவரு காலை ஆறு மணிக்கு பாகூர் பக்கம் வரும் நாட்களில் இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்குவார்.

"இன்னாண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றேன் ஒருநாள்.

"மேலருந்து அவரு பாக்குறாரு இல்ல? அழுக்குச் சட்டையோட நிப்பனா?"

டப்பாக்காரரின் தங்கை மகள் கல்யாணத்தன்று முகூர்த்தமும் மேலே அவரு வரும் நேரமும் ஒன்றாக விழுந்தன. தாய்மாமனைக் காணோம் என்று மண்டபமே தேடியது. முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். தங்கை அழுதுகொண்டே திட்டினாள்.

"இன்னாம்மா கோவம்? முகூர்த்தம் ஒன்ற மணி நேரம் இருக்குது. அவரு ஒரு நிமிஷத்துல போயிடுவாரு."

பெரிய மார்க்கெட்டில் கீரைக்கட்டைத் தூக்கி, வேரில் ஒட்டிய மண்ணைப் பிசைந்து, "பதினெட்டு. முந்தாநாள் புடுங்குனது" என்பார். கீரைக்காரம்மா எழுந்து நின்றுவிடுவாள். "யோவ், கீரை வாங்குறியா, ஜோசியம் பாக்குறியா?" கூட்டத்தில் மேடையோரக் குரோட்டன்ஸ் தொட்டியில் விரலை விட்டு, "நாப்பது. தண்ணி ஜாஸ்தி, செத்துடும்" என்றார். அடுத்த வாரம் செத்தது.

இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. பிறகு எதற்கு இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தார்? தன் புள்ளிகளைப் பார்க்க. திரையில் போடும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் இவர் எடுத்த ஒரு டப்பா. சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துகிற மாதிரி எனக்குக் காட்டுவார். "அதோ, ஓரமா குந்திக்கினு இருக்குதே, அது எட்டு. அன்னிக்கு நாய் தொரத்துச்சு."

போன வருஷம் பேராசிரியர் படம் போட்டார். எல்லாப் புள்ளியும் செயற்கைக்கோள் கணக்கின் கோட்டை ஒட்டி அழகாக நின்றன. கைதட்டல். டப்பாக்காரர் மட்டும் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"ஐயா, இருவது டப்பா குடுத்தேன். பத்தொம்பதுதான் இருக்குது. பதினேழு எங்க?"

பேராசிரியர் சிரித்தார். "அது தப்பான அளவு. நம்ம ஆளு எங்கயோ சொதப்பிட்டாரு. அதான் எடுத்துட்டோம்."

அரங்கமே சிரித்தது.

"சொதப்பல ஐயா. ஈரமாத்தான் இருந்துச்சு..."

பேராசிரியர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். மைக்கை அணைத்தேன். அணைத்தது என் விரல். இந்தக் கோபத்தில் பாதி அதன் மேல்.

அதற்குப் பிறகு டப்பாக்காரரை யாரும் மண் எடுக்கக் கூப்பிடவில்லை. சொதப்புகிறவர் என்று பெயர் வந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. அவரைப் பின்னால் உட்காரவைத்து, வண்டியை நேராகப் பதினேழாவது வயலுக்கு விட்டேன். வயல்கார அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் இவர் மண் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மறப்பனா? காலைல அஞ்சு மணிக்குக் கரண்டு வந்துச்சு, மோட்டார் போட்டேன். சுத்தி எல்லாம் காஞ்சி கெடக்குது, என் வயலுல மட்டும் தண்ணி. இவரு வெள்ளச் சட்டையோட வந்து வரப்புல வழுக்கி உழுந்தாரு. எனுக்கு ஒரு வாரம் சிரிப்பு."

அவ்வளவுதான் விஷயம். செயற்கைக்கோள் நூறு வயலைச் சேர்த்து ஒன்றாகப் பார்க்கும். ஒரு வயல் நனைந்திருந்தால் அதற்குத் தெரியாது. டப்பாவுக்குத் தெரியும். '17 - மோட்டார் ஓடுது' என்று டப்பாக்காரர் நோட்டில் பென்சிலால் எழுதியும் வைத்தார். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது, பேராசிரியரே. கோடு அழகாக வரவேண்டும் என்று ஒரு மனுஷனின் விரலைப் பொய்யாக்கினீர்கள்.

"பத்திரிகையில எழுதப் போறேண்ணே" என்றேன், திரும்பி வரும்போது.

"எழுது. ஆனா அவரத் திட்டாத."

"யாரு, பேராசிரியரையா?"

"அவர இன்னா வேணா எழுதிக்கோ. மேல போறவரச் சொல்றேன். அவ்ளோ ஒயரத்துலருந்து ஒரு வயலு எப்பிடிப்பா தெரியும், பாவம்."

இந்த வருஷக் கூட்டத்துக்கும் மைக் என்னுடையதுதான். முன்வரிசை மூன்றாவது நாற்காலியில் காலையிலேயே என் துண்டைப் போட்டு வைத்துவிடுவேன். அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்கும் கொடுத்தாகிவிட்டது. யார் கையை ஆட்டினாலும் இந்த முறை மைக்கை அணைக்க மாட்டேன்.

பேராசிரியரே, அதே மேடையில் அதே படத்தை இருபது புள்ளியோடு போடுங்கள். பதினேழாவது டப்பா பொய்யா, நிஜமா என்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். அவர் காதில் விழ வேண்டும்.