ஸ்டெப்னி அண்ணாச்சியும் ரெண்டு லைனும்

எது எப்போ பழுதாகுமோன்னு ஸ்டெப்னி அண்ணாச்சி மாதிரி பயந்த மனுஷன் இந்தப் பூமியில பொறந்ததே இல்ல. ரெண்டு பேனா, ரெண்டு குடை, ரெண்டு மூக்குக்கண்ணாடி. வேட்டிக்கு பெல்ட் போட்டு, அதுக்கு மேல கயிறும் கட்டுவார். அதான் மாத்து டயர் பேரையே அவருக்கு வச்சுட்டோம்.

தொண்ணூறுகளோட கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில எங்க நூல் மில் ஆபீஸ். நான் அங்கே கிளார்க். கம்ப்யூட்டர் வேலைக்கு அண்ணாச்சி ராஜபாளையத்துலருந்து தினமும் பஸ்ல வருவார். இன்டர்நெட் வந்ததும், வெளியிலருந்து கண்டது கழியது உள்ள நுழையாம காவலுக்கு ஒரு பெட்டி வச்சார். ஃபயர்வால்னு பேரு. அதுல ரெண்டு போன் லைன். ஒண்ணு செத்தா, பெட்டி தானாவே அடுத்ததுல டயல் பண்ணும்.

தினமும் ஒரு வயரைப் பிடுங்கிக் காட்டுவார். அடுத்த லைன்ல மோடம் கீச்சுன்னு கத்தி டயல் பண்ணும். "பாத்தீரா? கை வைக்கவே வேண்டாம்!"

"அண்ணாச்சி, வீட்டுலயும் ரெண்டு அண்ணியா?"ன்னேன். ஒரு வாரம் பேசல.

அந்த வருஷம் மில்லுல வேலை படுத்துப்போச்சு. வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள மெயில்ல சம்மதம் சொல்லணும். பொறவு அவன் கேக்குறதுக்கெல்லாம் உடனுக்குடன் பதில் போடணும். தவறினா, தளவாய்புரத்துலருந்து வர்ற முப்பது பொம்பளப் பிள்ளைகளுக்கும் திங்கக்கிழமையிலருந்து வேலை கிடையாதுன்னுட்டார் மேனேஜர்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஆண்டாள் தேர். தேர் போறதுக்காக வீதியில கரண்டு வயர், போன் வயர் எல்லாத்தையும் இறக்கிருவாங்க. ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் ஞாபகம் வரல.

ரெண்டு லைனும் ஒண்ணா செத்துச்சு. அண்ணாச்சி வெளிய ஓடி அண்ணாந்து பாத்தார். "ஏலே, ஒண்ணையாவது விட்டுவையேம்லே!"

கம்பத்து மேலருந்து லைன்மேன் சொன்னான்: "ரெண்டும் ஒரே கம்பத்துல வந்தா நான் என்ன செய்ய அண்ணாச்சி?"

மணி ரெண்டரை. அவர் மூஞ்சியில ஈயாடல. உள்ள ஓடி, மெயில் இருந்த கம்ப்யூட்டரையும் ஒரு மோடத்தையும் துண்டால மூடித் தலையில தூக்கிட்டார். பிரசாதம்னு நினைச்சுக் கூட்டம் வழிவிட்டுச்சு. ஒரு பாட்டி தொட்டுக் கும்பிட்டுச்சு. வீதி தாண்டி ஆட்டோ பிடிச்சு, ராஜபாளையத்துல தன் வீட்டுல இருந்த ஒரே போன் லைன்ல மாட்டி, நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில மெயிலை அனுப்பிட்டார். ஆர்டர் கை நழுவல.

மறுநாள் மேனேஜர் கேட்டார்: "எல்லாம் ஆட்டோமேட்டிக்னு சொன்னீரே?"

"யாராவது சொல்லியா சார் கிளம்புனேன்?"

ஆபீஸே சிரிச்சுச்சு. சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திரும்ப எடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தார். காப்பி கொடுத்துட்டு அண்ணி சொன்னாங்க:

"துபாயிலருந்து எங்க மகன் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கூப்பிடுவான் தம்பி. ராத்திரி வரைக்கும் ஒங்க மெசினுதான் போன்ல கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. செத்த நேரம் எடுத்து விடுங்கன்னேன். 'அவன் அடுத்த வாரம் கூப்பிடுவான்டி. அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் வேலை இருக்கணும்ல'ன்னுட்டாவ. சொல்லிட்டு, போன் பக்கத்துலயே உக்காந்திருந்தாவ."

அண்ணாச்சி வந்ததும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். என்னன்னு கேட்டார். சும்மாதான்னேன்.