உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து என்னை எடுத்துவிடவும்

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். அங்கு நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கு நாங்கள் இருவரும் நலம். ‘இருவரும்’ என்பதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போகவும். கடிதமே அதைப் பற்றியதுதான்.

நேற்று போனில், “மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தாங்க, நீ கவலைப்படாதே, கல்யாணமாகாத தங்கச்சின்னு உன்னையும் நம்ம வீட்டுலயே சேர்த்துட்டேன்” என்று, ஏதோ ரயிலில் ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தவர்போலச் சொன்னீர்கள். நான் உங்கள் வீட்டில் கடைசியாகப் படுத்துத் தூங்கியது உங்கள் மூத்தவளுக்குப் பால்பல் விழுந்த காலத்தில். அவள் இப்போது என்னிடமே கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஊருக்கெல்லாம் கியர் போடக் கற்றுக்கொடுக்கிறவளை அண்ணன் தன் ஷெட்டில் நிறுத்தி வைத்திருக்கிறாராம்!

இன்று காலை கணக்கெடுக்கிற பெண் எங்கள் வீட்டுக்கும் வந்தார். கீழ்வீட்டு ஓனரம்மா அவருக்கு முன்னால் படியேறி வந்து, “ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி, அப்படியே போட்டுக்கோங்க” என்றார். “மாதிரிக்கெல்லாம் கட்டம் இல்லீங்க” என்றார் அந்தப் பெண். என்னோடு இருக்கும் நம்மவளைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பல்செட் செய்கிறவள். ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுவாள், தன் வாயைத் திறக்கமாட்டாள். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் ‘ரூம்மேட்’ என்றே சொல்லி வந்தவள், வந்த ஆளைப் பார்த்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று அந்தப் பெண் கேட்க, லாரிக்காரனையே ஒதுங்கச் சொல்லிக் கத்துகிற நான், காபி போடட்டுமா என்று கேட்டேன். குழாய் நின்றது. கையில் சோப்பு நுரையோடு வெளியே வந்தாள். “நான் இவங்களோட துணை. சேர்ந்து குடித்தனம் பண்றோம். எழுதுங்க” என்றாள். ஓனரம்மா என்னைப் பார்த்து, “எனக்குத் தெரியாதா? நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான் முந்திக்கிட்டேன்” என்றார். கணக்கெடுக்கிற பெண்ணோ கையிலிருந்த டேப்லட் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். “இதுக்கும் கட்டம் இருக்கு மேடம். இந்தத் தெருவுல யாருமே சொல்லல, அதான் எங்க இருக்குன்னு தேடுறேன்.”

யாருமே சொல்லவில்லையாம்! எதிர்வீட்டில் ஜோடியாகக் குடியிருந்து திரைச்சீலை தைக்கிற இரண்டு பையன்கள் யாராம்? எட்டிப் பார்த்தால், கணக்கெடுக்கிறவர் போகிறவரை சினிமாவுக்குப் போய்விடலாமென்று இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓடிப்போய் டிரைவிங் ஸ்கூல் காரை அவர்கள் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நிறுத்தினேன்.

“எதுக்குக்கா வம்பு? எண்ணலைன்னா என்ன குறைஞ்சிடப் போகுது?” என்றான் இருவரில் நெட்டையாக இருப்பவன்.

“நீங்க ரெண்டு பேரும் குறைஞ்சிடுவீங்கடா! நாளைக்கு ஆஸ்பத்திரியில உள்ள விடல, வாடகைக்கு வீடு தரலன்னு போய் நின்னா, இல்லாத ஆளுக்கு என்னய்யா குறைன்னு கேப்பான்.”

“பயமா இருக்குக்கா.”

“எனக்கும்தான். வா.”

கணக்கெடுக்கிற பெண்ணும் தெருவைக் கடந்து வந்து, “நான் வெளிய சொன்னா என் வேலை போயிடும் சார்” என்றார். கதவு திறந்தது. சொன்னார்கள். குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வியில் மூண்ட சண்டை மட்டும் இதை எழுதும்போதும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே, அண்ணா, உடனே போய் உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து என்னை அடித்துவிட்டு வாருங்கள். மானம் போகுமென்றால் போகட்டும், நடந்தாவது ஒரு நாள் திரும்பி வரும். அதுவரை உங்கள் வாசலை நான் மிதிக்கமாட்டேன். நீங்களும் இங்கே வரவேண்டாம், போனும் வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு உரியதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தன் சொந்தக் குடும்பத்தில் வசிக்கும்
தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணி போன் செய்தார். நீங்கள் என் பெயரைக் கொடுத்த அன்றே, கணக்கெடுக்க வந்தவரைத் தெருமுனை வரை துரத்திப்போய், “அவ அங்க குடும்பம் நடத்துறா, இங்க எதுக்குய்யா அவ பேரு?” என்று அடிக்க வைத்துவிட்டாராம். உங்களுக்குத்தான் தெரியாதாம். ஆக, மேலே போட்ட சண்டை அத்தனையும் வீண். எழுதிவிட்டேன், கிழிக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வாருங்கள். கதவைத் திறப்பவள் அவளாகத்தான் இருப்பாள். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று வரும் வழியிலேயே அண்ணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.