கட்டம் மாமாவின் முதல் வார்த்தை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் பஸ்களில் கட்டம் மாமாவைப் போல இங்கிலீஷை இம்சைப்படுத்திய ஆள் இதுவரை ஏறியதில்லை, இனி ஏறப்போவதும் இல்லை. சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் அவர் மாமா, அவருக்கு ஊரெல்லாம் மச்சான்.

கடலூரில் நான் பில் போடும் பெயிண்ட் கடையில் அவருக்குக் கலர் மிஷினில் வேலை. வெள்ளை பெயிண்டில் சாயம் விட்டு, வாடிக்கையாளர் கேட்கும் கலரை வரவழைத்துக் கொடுப்பார். இருவருக்கும் வீடு சிதம்பரம். காலை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். மாமாவுக்கு வயது ஐம்பத்தைந்து ஆகிறது. பத்தாவதில் இங்கிலீஷில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். அந்தப் பகையைத் தீர்க்கத்தானோ என்னவோ, செல்போன் விளையாட்டு ஒன்றில் போய் விழுந்தார். தினம் ஒரு ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை ஒளிந்திருக்கும். ஆறு தரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை. இடம் மாறியிருந்தால் மஞ்சள். இல்லவே இல்லையென்றால் சாம்பல்.

தனியாக விளையாடித் தொலைத்தால் பரவாயில்லை. மாமாவுக்கு பஸ்ஸே சேர்ந்து விளையாட வேண்டும். பி.முட்லூர் தாண்டியதும் எழுந்து நின்றுவிடுவார்.

"அஞ்செழுத்து. நடுவுல எம், கடைசில என். ஈ உண்டு, எடம் தெரியல. யாருக்காச்சும் தெரியுமா?"

"மாமா, உக்காருங்க. மொதல்ல டிக்கெட்டு, அப்பறம் எழுத்து" என்பார் கண்டக்டர். அதற்குள் பின்சீட்டு காலேஜ் பெண்கள், "விமன்!" "லெமன்!" என்று ஏலம் விட ஆரம்பித்திருப்பார்கள்.

புதுச்சத்திரத்துக்குள் வார்த்தை சிக்கிவிடும். சிக்கியதை நீள நோட்டில் அர்த்தத்தோடு எழுதி வைப்பார். அர்த்தமெல்லாம் சொந்தத் தயாரிப்பு. 'இக்லூ: ஐஸ் வீடு. மே மாசம் கடலூருக்குத் தேவை.' 'ஆட்டர்: நீர்நாய். வீராணம் ஏரியில் விசாரிக்கவும்.'

இதோடு விட்டாரா? தினசரி காலண்டரில் ஒவ்வொரு ராசிக்கும் எதிரே லாபம், பகை, அலைச்சல் என்று ஒற்றை வார்த்தையில் பலன் போட்டிருப்பார்களே, அதைக் கிழித்துக் கிழித்துப் பழகிய மனிதர், செல்போனில் வரும் வார்த்தைதான் அன்றைய பலன் என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் 'லீவ்' வந்தது. ஆலப்பாக்கத்தில் இறங்கி, எதிர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் முதலாளி குதித்தார். "ஏன்யா, நாளைக்கி 'ஒர்க்'குன்னு வந்தா ஒழுங்கா வேல செய்வியா?"

"அது வராது மொதலாளி. நாலெழுத்து."

'லெமன்' வந்த அன்று குமராட்சிக்காரர் ஒருவர் புது வீட்டுக்கு வெளிர்நீலம் கேட்டு வந்தார். "இன்னிக்கி லெமனுதான் மச்சான் யோகம்" என்று பேசிப் பேசியே நாலு வாளி எலுமிச்சை மஞ்சளை அவர் தலையில் கட்டிவிட்டார் மாமா. அடுத்த வாரம் அந்த வீட்டம்மா பஸ் பிடித்து வந்து இறங்கினார்.

"எங்கய்யா அந்த ஆளு? எங்க வூட்ட ஸ்கூல் பஸ்ஸுன்னு நெனச்சி புள்ளைங்கல்லாம் பைய மாட்டிக்கினு வந்து நிக்குதுங்க!"

அன்று மதியம் வரை மாமா வாளிகளுக்குப் பின்னால்தான் குடியிருந்தார்.

முதல் தரம் போடும் வரியை மட்டும் அவர் யோசிப்பதே இல்லை. தினமும் பெயிண்ட்தான். பி, ஏ, ஐ, என், டி. சோறு போடும் வார்த்தை.

"ஒரு வார்த்த ஒரு தரந்தான் வரும் மச்சான். பெயிண்டு இன்னும் வரல. வர்ற அன்னிக்கி மொத வரியிலயே அஞ்சும் பச்ச. அத கண்ணால பாத்துட்டா போதும்."

அந்த ஒரு ஆசைக்காகத்தான் மனிதர் தினமும் விடிந்ததும் கண் விழித்தார்.

போன மாதம் பித்தப்பையில் கல் என்று மாமாவைச் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் அன்று காலை, நர்ஸ் செல்போனை வாங்கி என்னிடம் கொடுத்தார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ உயில் சொல்லப்போகிறார் என்று நான் கலங்கிப்போய்க் குனிந்தேன்.

"மச்சான், ஒரு வருஷமா ஒரு நாள் வுடாம ஜெயிச்சிருக்கேன். இன்னிக்கி அந்தச் சங்கிலி அறுந்துடக் கூடாது. பெயிண்டு அடி. மிச்சத்த நீ பாத்துக்க."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அடித்தேன். முதல் கட்டம் திரும்பியது. பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதும் பச்சை. நான்கு. ஐந்து.

நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார். "யாருக்கு என்னா ஆச்சி?"

"பெயிண்டு வந்துடுச்சிங்க!"

அவர் என்னை எந்த வார்டில் சேர்ப்பது என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒரு மனிதரின் ஒரே ஆசையை, அவர் மயக்கத்தில் கிடக்கும் நேரம் பார்த்து, என் கட்டைவிரல் சாப்பிட்டுவிட்டது. இனி அது வராது.

கண் திறந்ததும் மாமா கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "என்னா வார்த்த?" என்றார். பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"பெயிண்டு மாமா."

கண்ணை மூடிக்கொண்டார். நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "வலிக்குதா?" என்று நர்ஸ் கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினார். நர்ஸ் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணொண்ணா திரும்புச்சா?"

"ஒண்ணொண்ணாதான் மாமா."

"சொல்லு."

முதல் கட்டத்திலிருந்து ஐந்தாவது வரை சொன்னேன். மெதுவாக இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரம் அவரும் என்னோடு சேர்ந்து விரல் மடக்கி எண்ணினார்.

இப்போது என்னைக் காட்டி, "வெரலு சேகரோடது, வார்த்த என்னுது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார். பெயிண்ட் இனி வராதே, முதல் வரிக்கு என்ன செய்வீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். செல்போனை எடுத்து அடித்துக் காட்டினார். எஸ், ஈ, கே, ஏ, ஆர். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்று கட்டங்கள் ஆடின.

"எம் பேரெல்லாம் அந்த லிஸ்ட்டுல இல்ல மாமா."

"தெரியும் மச்சான். என்னைக்காச்சும் சேத்துக்குவான்."

தினமும் அடிக்கிறார். தினமும் கட்டங்கள் தலையை ஆட்டுகின்றன. பி.முட்லூர் தாண்டியதும் நானும், இன்றைக்கு வந்துவிடுமோ என்று எட்டிப் பார்க்கிறேன்.