ஒரு முடியில் ஆடிய வானம்

சித்திரை முடிவதற்குள் வானம் இறங்கி வந்து என் கோழிகளை அவித்துவிடும் என்று நான் முழுமனதாக நம்பினேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது; மீசையும் முறுக்கியிருந்தேன். அறியாப் பிள்ளை என்று தப்பிக்கவும் வழியில்லை.

நம்ப வைத்தவர் பலூன்காரர். நாமக்கல்லில் தரையில் நடப்பது எதுவுமே தெரியாத ஒரே மனிதர் அவர்தான். அண்ணாந்தபடியே நடப்பார். எண்பதுகளின் தொடக்கம்; எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. ஒரு நாள் பட்டறைப் பள்ளம் ஒன்றில் விழுந்துவிட்டார். தூக்கிவிட ஓடினோம். உள்ளே மல்லாந்து கிடந்தவர், "இருங்க சாமி, இங்கிருந்து நல்லாத் தெரியுதுங்க" என்றார்.

எங்கோ ஒரு வானிலை அலுவலகத்தில் பலூனில் கருவி கட்டி மேலே அனுப்புவது அவர் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்தார். பலூன் போனது; பழக்கம் போகவில்லை. ஒரு மரச் சட்டத்தில் நீள முடியொன்றைக் கட்டி, அதன் நுனியில் விளக்குமாற்றுக் குச்சியை முள்ளாக மாட்டினார். காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், முள் இறங்கும். மேச்சேரி ஆட்டு முடியை முயன்று பார்த்தார், நீளம் போதவில்லை. பெண்கள் முடிதான் வேண்டும், அதிலும் எண்ணெய் படாததாக. நம் ஊரில் எண்ணெய் படாத தலைக்கு எங்கே போவது? ஆகவே பெண்கள் சீயக்காய் தேய்த்துக் குளிக்கும் வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாக வருவார்.

"அம்மிணி, முடி ஒண்ணு குடுங்க. வானத்தப் பாக்கோணும்."

என் மனைவி ஈரத் தலையோடு உள்ளே ஓடிவந்து, "ஏனுங்க, செய்வினை வைக்கற ஆளு ஊட்டு வாசல்ல நிக்கறாருங்க!" என்று கதவைச் சாத்தினாள்.

நான் மட்டும் டீக்கடையில் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

"ஏரோப்ளேன் போற ஒசரத்துல ஈரம் துளியூண்டுதானுங்க. ஆனா அங்க கடுங்குளிரு. தரையில இருந்து போற சூட்ட அந்தத் துளியூண்டு ஈரம் புடிச்சு வச்சுக்கும்; குளிருல இருக்கறதால மேல கொஞ்சமாத்தான் விடும். போர்வை மாதிரிங்க."

"இருந்துட்டுப் போகட்டுங்க."

"அதெப்படிங்க? லாரிப் பொகை, கரிப் பொகையெல்லாம் சேந்து பூமி சூடாகுது. சூடான காத்து ஈரத்த அதிகமாத் தாங்கும். ஈரம் சேந்தா இன்னுஞ் சூடு. சூடேறுனா இன்னும் ஈரம்."

"எங்கதானுங்க நிக்கும்?"

டீயைக் குடித்துமுடித்து, "அதாந் தெரியலீங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது என் பேரன் காலத்துக் கணக்கு. எனக்குக் கேட்டதோ அடுத்த வாரக் கணக்கு. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அப்போதுதான் முதல் கோழிக் கொட்டகை போட்டிருந்தேன். "கோழி மேய்க்கவா பொண்ணு குடுத்தேன்?" என்று மாமனார் கேட்டிருந்தார். கோழி போனால் நான் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும், அதுவும் அவருடைய லாரியில்.

மறுநாள் உச்சிவேளையில் வானத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். போர்வை வந்தே விட்டது! சாக்குகளை நனைத்துக் கொட்டகையின் நான்கு பக்கமும் கம்பி வலையோடு சேர்த்து இறுகக் கட்டினேன். தரையிலும் தண்ணீர் ஊற்றினேன். வானத்தை ஏமாற்றிவிட்ட பெருமையோடு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் உள்ளே இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. கோழிகள் அலகைப் பிளந்து, இறக்கையை விரித்துக் கிடந்தன. என் மனைவி சாக்குக் கட்டுகளை அறுக்க அரிவாளோடு ஓடிவந்தாள்.

"கோழிக்கு வேர்க்குமா? மூச்சு வாங்கித்தானுங்க சூட்ட எறக்கும்! காத்த அடைச்சுப்போட்டு, உள்ள தண்ணி வேற ஊத்தி வச்சிருக்கறீங்க!"

அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமைகூட இல்லை, பலூன்காரர் கையில் சட்டத்தோடு வந்து சேர்ந்தார். உள்ளே நுழைந்தார். முள் சரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அம்மிணி, சாக்க அவுக்காதீங்க! முள்ளு இன்னும் எறங்குது!"

"உங்க முள்ளுல இடி விழ! உங்க போர்வைப் பேச்சக் கேட்டுத்தான் இவரு இப்படி அடைச்சுப்போட்டாரு, கோழியப் பாருங்க முதல்ல!"

பலூன்காரர் அன்றுதான் முதல்முறையாகக் கீழே பார்த்தார். காலடியில் ஒரு கோழி தலை தொங்கக் கிடந்தது. கையிலிருந்த சட்டத்தை அப்படியே போட்டார். அது உடைந்தது. இரண்டு கையாலும் சாக்குகளைப் பிய்க்கத் தொடங்கினார். கம்பி கிழித்து ரத்தம் வடிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. "வானம் என்ன பண்ணுச்சுங்க? நான் சொன்னதுதானே தப்பாப் போச்சு" என்று முனகிக்கொண்டே பிய்த்தார்.

சாயங்காலம் காற்று வந்தது. சில கோழிகள் செத்தன. மற்றவை எழுந்து நின்று தண்ணீர் குடித்தன. மாமனாரின் லாரி எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மனைவி தலைக்குக் குளித்து, இருப்பதிலேயே நீளமான முடியொன்றை வாழைச் சருகில் சுற்றி அவருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் உயிரோடு இருந்தவரை, புதிதாகச் செய்த சட்டத்தில் அவளுடைய முடிதான் ஆடிக்கொண்டிருந்தது.