புலிசாமிக்குப் போட்ட தோப்புக்கரணம்

பிள்ளை பெற்றவளுக்கு ஒவ்வொரு மரமும் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு நிற்பதாகத்தான் தோன்றும். பம்பாயில், எங்கள் மாட்டுங்காவில் பரவாயில்லை. எங்கள் தெரு மரத்தின் பின்னால் மிஞ்சிப் போனால் தபால்காரர் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். காட்டு மரத்தை அப்படி நம்பிவிட முடியாது.

இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குக் காடு என்றால் உயிர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு வயது உஷாவையும் என்னையும் தயிர்சாத டப்பாவோடு ரயிலேற்றிப் போரிவிலிக் காட்டுக்கு அழைத்துப் போனார்.

"அங்கே புலி உண்டாமே, ஏன்னா?"

"உண்டு. ஞாயித்துக்கிழமை அதுக்கும் லீவு."

மழை முடிந்த சமயம். முறம் அகலத்துக்குத் தேக்கிலை. வெயில் தரையில் விழ இடமில்லை. அழகாகத்தான் இருந்திருக்கும், நான் எங்கே பார்த்தேன்? உஷாவின் பின்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். (மூக்கணாங்கயிறு போடுவதுதான் பாக்கி என்றார் அவர்.) டப்பாவைத் திறப்பதற்காகப் பின்னலை விட்டேன். சாதத்தை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், குழந்தையைக் காணோம்.

"இங்கேதான் இருப்பா, பதறாதே" என்று சொன்னவர், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அந்த வெறுங்கால்களைப் பார்த்த பிறகுதான் நானும் டப்பாவைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். "உஷா! உஷா!" அப்போது ஒரு பெரிய மரத்தடியில் செந்தூரம் பூசிய கல் தெரிந்தது. நம்மவர்களுக்கு மரத்தடியில் கல்லைக் கண்டால் கை தானாக நெற்றியில் குட்டிக்கொள்ளும். பம்பாயில் பிள்ளையாருக்குச் செந்தூரம் பூசுவது வழக்கம்தானே. (தும்பிக்கை? தேய்ந்திருக்கும்!) காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன்.

"அப்பனே, இனிமே என்னால தாங்க முடியாது. இப்பவே, இந்த இடத்திலேயே, நீயே நேர்ல வந்து நில்லு!"

விறகுக்கட்டோடு வந்த ஒருத்தி என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அரே பாய், யே கண்பதி நஹி! வாகோபா ஹை. ஷேர் கா தேவ்!"

என் அரைகுறை ஹிந்திக்கே அது புரிந்தது. இது பிள்ளையாரே இல்லை, வாகோபா, புலிகளின் சாமி. அவரைத்தான் நேரில் வரச் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் புதர் சலசலத்தது.

குழந்தையைத் தேடிக் காடெல்லாம் கதறிய தாய் என்ன செய்தாள் தெரியுமா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னாலேயே சருகு நொறுங்கிற்று.

"ஐயோ, என்னை விட்டுடு!" என்று அலறினேன்.

"அம்மா! ஏம்மா ஓடறே? நான்தாம்மா!"

பாவாடை மடி நிறையக் காட்டு நெல்லிக்காயோடு, மூச்சிரைக்க நின்றாள் உஷா. கட்டிக்கொண்டேன், முதுகில் இரண்டு வைத்தேன், மறுபடியும் கட்டிக்கொண்டேன். திரும்பி வந்த கணவரின் கால்களில் ரத்தம் வழிந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரயில் தாதர் வருவதற்குள் பெட்டி முழுவதற்கும் உஷா கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

இப்போது மெட்ரிக் படிக்கிறாள். வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெருமுனையில் திரும்பும்போதே கத்துவாள்: "நான்தாம்மா! ஓடாதே!"

தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தக் குரல் காதில் விழும்வரை மூச்சு விடாமல் நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும்.