அடுத்த மாசம் புது மாடல் வருது

அன்பர்களே, உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவே கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, "இப்ப வாங்காதே" என்று நிற்கிற இனம் ஒன்றும் உண்டு. நீங்கள் செல்போன் கடைப் படியில் காலை வைக்கும்போதே முதுகுக்குப் பின்னால் அதன் குரல் கேட்கும். "அவசரப்படாத மச்சான். அடுத்த மாசம் புது மாடல் வருது."

எங்கள் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் ஜெயபால் அண்ணன். அவருடைய சொந்த போனின் பின்மூடி ரப்பர் பேண்டு தயவில்தான் நிற்கிறது. நல்ல மாடல் வரட்டும் என்று வருஷக்கணக்காக ஆராய்ச்சி. அவர் மனைவி ஹெலினா அக்கா இன்னமும் கையால் துணி துவைக்கிறார். வாஷிங் மெஷினுக்குக் கதவு மேலே இருக்க வேண்டுமா முன்னால் இருக்க வேண்டுமா என்ற வழக்கு, கல்யாண ஆல்பம் வந்த வாரத்திலிருந்து நடக்கிறது. டீக்கடையில் நாங்கள் சும்மா, "மடிக்கிற போனு வெல பாதியாவுதாமே" என்று கொளுத்திப் போடுவோம். அண்ணன் யோசனையில் விழுந்துவிடுவார், அவர் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

இப்படிப்பட்டவர் என்ன தொழில் தொடங்குவார்? பொருள் வாங்க ஆலோசனை சொல்கிற தொழில்தான்! குமணன்சாவடியில் பிரியாணிக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு வெள்ளைப் பலகை, வாசலில் பேனர்: 'தொண்டு நிறுவனங்கள் கம்ப்யூட்டர், டேப்லெட், பிரிண்டர் வாங்க எங்களை அணுகவும்.' ஏன் தொண்டு நிறுவனங்கள் மட்டும்? கம்பெனிக்காரன் ஒரே வாரத்தில் துரத்திவிடுவான். இவர்கள்தான் காத்திருந்து பழகியவர்கள்.

முதலில் படியேறியவர் ஞானகுமாரி டீச்சர். முத்தாபுதுப்பேட்டையில் பேச்சு வராத பிள்ளைகளுக்குச் சின்னதாய் ஒரு பள்ளி நடத்துகிறார். அங்கே நிஷா என்று ஒரு வாயாடி. பேச்சுதான் வராது. டீச்சரின் போனில் படத்தைத் தொட்டால் போன் பேசும்: சொம்பைத் தொட்டால் "தண்ணி", தட்டைத் தொட்டால் "பசிக்குது". கொஞ்ச நாளிலேயே நிஷா அதை வைத்துச் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் டீச்சர் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். நிஷாவின் பேச்சும் கூடவே பஸ் ஏறிவிடும்.

அவளுக்கென்று ஒரு டேப்லெட் வாங்கித் தர சர்ச்சில் ஆள் தயார். எதை வாங்கலாம் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர் கிடைத்தார். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா இவ்ளோ அவசரம்?"

"புள்ள ஊட்லயும் பேசணும் சார்."

"பேசட்டும், யாரு வேணான்னா? எத்தினி இன்ச்சுல பேசணும்?"

பலகையில் கட்டம் போட்டார். ஆடித் தள்ளுபடி வந்தது. "தீபாவளிக்கு இன்னும் எறங்கும்" என்றார். தீபாவளி வந்தது, "கிறிஸ்மஸ்ல அள்ளிக்கலாம்." கிறிஸ்மஸ் கேக்கும் தீர்ந்தது; "பொங்கல் கழிச்சு புது மாடல்." பலகையில் இடம் போதாமல் சுவரில் எழுத ஆரம்பித்தார்.

பொங்கல் கழிந்து, நேரடி ஆய்வு என்று பள்ளிக்கே வந்தார். நிஷாவுக்கு எதிரே உட்கார்ந்து பேட்டரி, கேமரா, மெமரி என்று மூச்சுவிடாமல் பொழிந்தார். நிஷா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சரின் போனை எடுத்து ஒரு படத்தைத் தொட்டாள்.

"போதும்" என்றது போன்.

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்பட்டது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா டீச்சரம்மா, என்னை வாயை மூடச் சொல்லுதா பாப்பா?"

நிஷா போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டாள். "போதும்."

"இல்ல சார்," என்றார் டீச்சர், இப்போது சிரிக்காமல். "இந்த மாதிரி ஒண்ணு இருந்தாவே போதும்ங்கறா."

ஒரே சொல்தான். இரண்டு அர்த்தமும் அண்ணனுக்குத்தான். மனுஷர் எழுந்தார், சர்ச் ஆளையும் இழுத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போனார், கண்ணில் பட்ட முதல் கடையில் சாதாரண டேப்லெட் ஒன்றை வாங்கினார். "பேரம்கூட பேசல மாமே, ஒடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்" என்று கடைக்காரர் எத்திராஜ் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுவாரமே புது மாடல் வந்தது, விலையும் குறைவு. அண்ணன் அழாத குறை.

ஆனால் நிஷா வீட்டுக் கதை வேறு. அவள் அம்மா பொன்னியம்மா தினமும் இரண்டு தோசை வைப்பார், அடுப்பை அணைப்பார். பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று அவரே முடிவு செய்திருந்தார். டேப்லெட் வந்த அன்று இரண்டு தோசையும் முடிந்ததும் நிஷா அதை இழுத்துத் தொட்டாள். "இன்னும்." பொன்னியம்மா அடுப்பைப் பற்றவைத்தார். "இன்னும்." நாலாவது தோசைக்கு மாவு ஊற்றும்போது, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். கேஸ் அடுப்பில் ஏது புகை?

சரி, நீங்கள் ஏன் நெளிகிறீர்கள்? அப்புறம் வாங்கலாம் என்று உங்கள் போனில் குறித்துவைத்திருக்கிறீர்களே, அதில் எத்தனை உங்களுக்கு, எத்தனை மற்றவர்களுக்கு? நான் யார் பெயரையும் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இரண்டாவது தோசையோடு பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். எதற்கும் போனின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரப்பர் பேண்டு தட்டுப்படுகிறதா?